வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கா, மேற்கா?

12 ஜூன் 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகன் பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி திறந்த மூன்றாம் நாளே தமிழ்நாட்டுப் படத்தைச் சுவரில் மாட்டித் திசை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன், சென்னைக்குப் போகும் ரயில் வழியெல்லாம் மேட்டில் ஏறுமா என்று கேட்கிறான். தாமிரபரணி கீழே கன்னியாகுமரிக்கு ஓடாமல் ஏன் பக்கவாட்டில் ஓடுகிறது என்றும் கேட்கிறான். கைப்பேசியைத் தட்டினால் வழி சொல்லும் காலத்தில் எட்டு வயதுப் பிள்ளையைப் புவியியல் என்ற பெயரில் இப்படிக் குழப்பத்தான் வேண்டுமா? ஆறாம் வகுப்பு வரை தள்ளிவைத்தால் என்ன நட்டம்?

12 ஜூன், இரவு

உங்கள் மகன் குழம்பவில்லை. அவனிடம் இருக்கும் தமிழ் ஒன்றைச் சொல்கிறது, சுவரில் தொங்கும் படம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு அவன் நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ‘மேல’ என்றால் மேற்கு, ‘கீழ’ என்றால் கிழக்கு. நெல்லையப்பர் கோயிலுக்கு மேற்கே மேலரத வீதி, கிழக்கே கீழரத வீதி. தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்குக்கூட மேலக்கால், கீழக்கால் என்றுதான் பெயர். தெருவில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் நாம் திசை சொல்லித்தான் பேசுகிறோம். ‘அந்தச் செம்பக் கொஞ்சம் வடக்க தள்ளி வை’, ‘இலைய மேக்க இழுத்துப் போடு’ என்று பாட்டி சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வலப்பக்கம் இடப்பக்கம் தெரிவதற்கு முன்பே நான்கு திசையும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ‘மேலே இருப்பது வடக்கு’ என்று சொன்னால், அவன் தன் தமிழை நம்புவதா, ஆசிரியரை நம்புவதா?

நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியன். முதல் பதினைந்து ஆண்டுகள் நானும் படத்தை ஆணியில் மாட்டித்தான் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ‘மேலே வடக்கு, கீழே தெற்கு’ என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். வடக்கு எங்கே இருக்கிறது, கையைக் காட்டு என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைக் காட்டினார்கள். கூரையை வடக்கு என்று நம்பும் பிள்ளைக்கு நைல் ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது என்று பின்னாளில் சொன்னால், தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்றுதான் கேட்பான்.

ஆகவே படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பிவையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கைப்பேசியில் வழி பார்க்கும் பெரியவர்களும் தெருமுனையில் நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பித்தானே தங்கள் திசையோடு பொருத்திக்கொள்கிறார்கள்? பிள்ளைகளுக்கும் அந்த உரிமையைக் கொடுக்கலாம்.

14 ஜூன்

தரையில் விரிப்பதை எப்படித் தொடங்குவது என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

பத்தமடை எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாய்க்குப் பஞ்சமில்லை. பழைய கோரைப்பாய் ஒன்றே எங்கள் வரைபடத் தாள். முதல் இரண்டு வாரம் தேசப்படமே கிடையாது. பிள்ளைகள் தங்கள் வகுப்பறையையே பாயின்மேல் சாக்பீஸால் வரைவார்கள். வாசலுக்கு ஒரு தீப்பெட்டி, மேசைக்கு ஓர் அட்டைத்துண்டு, ஆளுக்கொரு புளியங்கொட்டை. தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தன் புளியங்கொட்டையைச் சரியாக வைக்கத் தெரிந்துவிட்டால், நேர் மேலிருந்து பார்த்த காட்சிதான் வரைபடம் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். திசையைவிடக் கடினமானது இதுதான். சென்ற ஆண்டு ஒரு பையன் மேசைக்கு நான்கு கால்களையும் சேர்த்து வரைந்தான். மேலே பறக்கும் காக்கைக்கு மேசையின் கால் தெரியுமா என்று கேட்டேன். ‘நேர் மேல நின்னாத்தான் சார் தெரியாது, தள்ளிப் பறந்தா தெரியும்லா’ என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் காக்கை நேர் மேலேதான் நிற்கும் என்று வகுப்பில் ஒரு விதியாகவே அறிவித்துவிட்டேன்.

வகுப்பறைக்குப் பிறகு பள்ளி வளாகம், பிறகு தெரு, கால்வாய், மடை, வயல். மாவட்டப் படம் பாய்க்கு வரும்போது ஆடி பிறந்துவிடும். வடக்கைக் கண்டுபிடிக்க எளிய வழி, முற்றத்தில் கம்பு ஒன்றை நேராக நட்டு, நண்பகலில் அதன் நிழல் விழும் பக்கத்தைக் குறித்துக்கொள்வது. அந்தப் பக்கமே வடக்கு.

பாயை வடக்கே தலைவைத்து விரிப்பதை எங்கள் சத்துணவு ஆயா மட்டும் ஏற்கவில்லை. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவர் வாதம். படம்தான் படுத்திருக்கிறது, பிள்ளைகள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

18 ஜூன்

14-ஆம் தேதிக் குறிப்பில் பெரும்பிழை ஒன்று இருக்கிறது. அதை நம்பி யாரும் கம்பு நட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று நான்காம் வகுப்பை முற்றத்துக்கு அழைத்துச்சென்று ஒரு மீட்டர்க் கம்பை நட்டு, நிழல் விழுந்த பக்கத்தில் ‘வ’ என்று சாக்பீஸால் எழுதினேன். ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். ‘சார், பள்ளிக்கூட வாசல் கிழக்க பாத்துதான இருக்கு? அப்போ நிழலு தெக்கல்லா விழுது?’ நான் வாசலைப் பார்த்தேன், கம்பைப் பார்த்தேன், நான் எழுதிய ‘வ’-வைப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி.

காரணத்தை இரவில் உட்கார்ந்து யோசித்துத் தெளிந்தேன். திருநெல்வேலி வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23.5 பாகை வரை, அதாவது கடகரேகை வரை போய்த் திரும்புவதால், ஆண்டுக்கு இருமுறை நம் தலையைத் தாண்டிச் செல்கிறது. ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்டு 30-ஐ ஒட்டி மறுமுறை. இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கேதான் விழும். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது கடகரேகைக்கு வடக்கே உள்ள டில்லிக்கு ஆண்டு முழுதும் பொருந்தும் விதி. அதை நம் ஊர் முற்றத்தில், அதிலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சொன்னால் கம்பே சாட்சிக்கு வந்துவிடும்.

இத்தனை ஆண்டுகள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் அந்தப் பாடத்தை மழைக்காலத்தில் நடத்தியிருப்பேன் என்று முதலில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். உண்மை என்னவென்றால், சூரியன், கம்பு, நிழல் மூன்றையும் கரும்பலகையிலேயே வரைந்து முடித்துவிட்டேன். கம்பை நட்டதே நேற்றுத்தான் முதல்முறை.

நிழற்கோடு வடக்கு தெற்காகத்தான் கிடக்கிறது என்பதால் அதைப் பயன்படுத்துவதில் தடையில்லை. எந்த முனை வடக்கு என்பதை வாசலைப் பார்த்தோ, மேற்கே உள்ள பொதிகை மலையைப் பார்த்தோ பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

19 ஜூன்

நிழல் மிகவும் குறுகியிருப்பது பன்னிரண்டு மணிக்கு இல்லையே, 12.20 ஆகிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றாகக் கவனித்திருக்கிறார். நம் கடிகாரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் 77.7 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் சூரியன் நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ 19 நிமிடம் பிந்துகிறது. மூன்றாம் வகுப்பில் இதை நான் சொல்வதில்லை. ‘சோத்து மணி அடிக்கும்போதுதான் சூரியன் உச்சிக்கு வரும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

21 ஜூன்

இன்று ஒரு மீட்டர்க் கம்பின் நிழல் தெற்கே 26 செ.மீ. அந்தச் சிறுமியே அளந்தாள். அவள் எழுதிய ‘தெ’ முற்றத்தில் என் ‘வ’-வைவிடப் பெரிதாக இருக்கிறது.

9 ஜூலை

மேல, கீழ என்ற சொற்களுக்கு மலையோடு உள்ள உறவைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடச் செய்யவைப்பது எளிது. இன்று செய்ததை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் என் மற்றப் பாடங்களைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கால்வாய்க் கரையிலிருந்து இரண்டு சட்டி மணல் அள்ளிவந்து, முற்றத்தில் மேற்கு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஈரமாக அணைத்து, அதற்குப் பொதிகை என்று பெயரிட்டோம். அங்கிருந்து கிழக்கே சரிவாக மணலை இழுத்துப் பரப்பினோம். தாமிரபரணி ஏறத்தாழ 125 கி.மீ. என்பதால் கிலோமீட்டருக்குப் பத்து செ.மீ. என்று வைத்துப் பன்னிரண்டரை மீட்டர் வேண்டியிருந்தது; முற்றம் ஒன்பது மீட்டர்தான். மிச்ச ஆற்றை மடக்கிவிடலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். கடைசியில் வேப்பமரத்தடி வரை நீட்டி, அங்கே ஒரு பழைய தாம்பாளத்தை வைத்து அதை மன்னார் வளைகுடா ஆக்கினோம்.

முதல் செம்புத் தண்ணீரை மலையுச்சியில் ஊற்றியதும் அது கிழக்கே ஓடும் என்று எல்லோரும் கத்தினார்கள். அது ஒரு சாண் ஓடி மணலுக்குள் மறைந்துவிட்டது. ‘குடிச்சிட்டு சார்’ என்றார்கள். நான்காவது செம்பில்தான் மணல் நனைந்து, தண்ணீர் தானாகவே ஒரு கோட்டைத் தேடிக்கொண்டு, ஒரு கல் இருந்த இடத்தில் வளைந்து, அரைமணி நேரத்தில் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றாயிற்று. அதன் குறுக்கே ஒரு செங்கல்லை வைத்தேன். தண்ணீர் நின்று, நிறைந்து, செங்கல்லின் மேலே வழிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் செங்கல்லுக்குச் சற்று மேற்கே கரையில் விரலால் ஒரு கீறல் போட்டான்; தண்ணீரில் பாதி அந்தக் கீறலில் திரும்பி ஓடியது. அவனுடைய அப்பா மடை திறப்பவர். அணைக்கட்டு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எழுத முடியாது. தண்ணீரைத் தேக்கிவைப்பது அதன் வேலை இல்லை; மட்டத்தை உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவதே வேலை. பிறகு ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுக்கும் எட்டுச் செங்கல் வைத்தோம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேற்கிலிருந்து கிழக்காகப் பெயர் சொல்லி வைத்தார்கள். எங்கள் கன்னடியன் செங்கல்லில் மட்டும் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

ஆறு எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டேன். ‘மேலருந்து கீழ’ என்றார்கள். எந்த மேல, எந்தக் கீழ என்று கேட்டேன். பதில் சொல்லப் போன ஒருத்தி பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டாள். இரண்டு மேலும் ஒன்றுதான் என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த காலத்தில் அந்தச் சிரிப்பை நான் கண்டதே இல்லை.

6 ஆகஸ்டு

தரைப் படத்தால் கேடும் உண்டு என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். உண்டு, நானே பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்துவிட்டு வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்த ஒரு பையன், தேர்வில் இந்திய வரைபடத்தைக் கையில் வாங்கியதும் இருக்கையைவிட்டு எழுந்து, வடக்கே திரும்பி நின்று, தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இடங்களைக் குறித்திருக்கிறான். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் அவன் பின்னால் இருந்தவன் தாளைப் பார்ப்பதாக நினைத்துவிட்டார். பையன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனுடைய அம்மா என்னிடம் வந்து, ‘நீங்க சொல்லிக்குடுத்ததத்தான சார் செஞ்சான்’ என்று கேட்டார். எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

பிழை அந்தப் பையனுடையதும் இல்லை, தரையில் விரித்ததிலும் இல்லை. தரையில் விரித்த படத்தை நான் மறுபடி தூக்கவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பில் அந்தப் படியையும் சேர்த்திருக்கிறேன். முதலில் பாய். பிறகு அதே படத்தை ஒரு பலகையில் ஒட்டி, வடக்கு முனையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, பிள்ளைகளை வடக்கே பார்த்து உட்காரவைக்கிறேன். வாரந்தோறும் ஒரு சாண் உயரும். பலகை நிமிர்ந்து சுவரில் சாய்ந்ததும், படம் நின்றுகொண்டிருக்கிறது, ஆனால் முன்பு தரையில் படுத்திருந்த படம்தான் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறது. அதன் பிறகு அதை வேறு சுவருக்கு மாற்றி மாட்டி, வடக்கு எங்கே என்று கேட்டால் படத்தில் ஒரு கையையும் உண்மையான வடக்கில் ஒரு கையையும் நீட்டுகிறார்கள். பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் இதைக் கண்டு, என்ன உடற்பயிற்சி இது என்று கேட்டார்.

12 ஜூன் குறிப்பில் ‘இவ்வளவுதான்’ என்று எழுதியதை, ‘இறக்கிய படத்தை மறுபடி ஏற்றவும் வேண்டும்’ என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

30 ஆகஸ்டு

நிழலற்ற நாள். காலையிலிருந்தே மேற்கே பொதிமேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால் வயிற்றில் புளியைக் கரைத்தது. 12.10-க்கு வெயில் அடித்தது. சத்துணவுத் தட்டின் மேல் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளருக்கு நிழலே இல்லை. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிக் குனிந்தார்கள். குனிந்ததும் முதுகின் நிழல் விழுந்ததால், கண்டுபிடித்துவிட்டோம் என்று கூச்சலிட்டார்கள். நிமிர்ந்து நின்றால்தான் இல்லை, குனிந்தால் இருக்கிறது என்பதை விளக்கிமுடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

நாளை முதல் நிழல் வடக்கே சாயும். என் பழைய ‘வ’ இனிச் சரி.

24 செப்டம்பர்

எங்கள் பள்ளியின் சுவர்ப்படம் 2019-க்கு முற்பட்டது. அதில் தென்காசி இன்னும் திருநெல்வேலியோடு இருக்கிறது. 2019 நவம்பர் 22-இல் மாவட்டம் பிரிந்ததைச் சொல்லி, பாய்ப்படத்தில் எல்லையை நூலால் போட்டோம். குற்றாலம் அந்தப் பக்கம் போனதை அறிந்ததும் வகுப்பில் உண்மையான துக்கம். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தபோது நான் இவர்கள் வயதில் இருந்தேன்; திருச்செந்தூர் இனி நம்முடையது இல்லையா என்று என் அப்பாவிடம் கேட்ட நினைவிருக்கிறது. ‘முருகன் எங்கேயும் போகலை, தாசில்தார்தான் மாறியிருக்கார்’ என்றார் அப்பா. அதையே இவர்களுக்கும் சொல்லிவைத்தேன்.

நூலைப் பிள்ளைகள் நகர்த்திப் பார்த்தார்கள், நகர்ந்தது. மணல் மலையை நகர்த்தச் சொன்னேன். மனிதர் போடும் எல்லைக்கும் மலை போடும் எல்லைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவில் விட்டுவிட்டேன்.

ஒரு பையனின் அப்பா கொல்லத்தில் கடை வைத்திருக்கிறார். செங்கோட்டைக் கணவாய் தாண்டிப் போனால் மலை கிழக்கே வந்துவிடுகிறது, அங்கே உள்ளவர்கள் மேற்கை எப்படி ‘மேல’ என்று சொல்வார்கள் என்று கேட்டான். அருமையான கேள்வி. மலையாளத்தில் மேற்கை ஞாயிறு படும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு என்கிறார்கள். ஆனால் கிழக்கை, மலை அங்கே ஓங்கி நின்றாலும், நம்மைப் போலவே கிழக்கு என்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று, நம் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த மொழியறிஞர் கால்டுவெல் இதைக்கொண்டு வாதித்தார். பையனிடம் இதைச் சொன்னபோது, ‘அவங்க அங்க போய்ட்டு பேர மாத்த மறந்துட்டாங்க’ என்று சுருக்கிவிட்டான்.

12 நவம்பர்

பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கட்டம்போட்ட தாளில் குறிக்கிறார்கள். பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதில் ஒரு வலையில் நானே விழுந்தேன். 156 பெரிய எண் என்பதால் சேர்வலாறுதான் மலையில் உயரத்தில் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டேன். அந்த அடிக்கணக்கு அந்தந்த அணையில் நிற்கும் தண்ணீரைச் சொல்கிறதே தவிர, கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்வதில்லை. கடல்மட்ட உயரம் வேண்டுமானால் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். செங்கோட்டைக்குப் போகும்போது திருநெல்வேலி எண்ணையும் செங்கோட்டை எண்ணையும் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். ரயிலும் ‘மேல’ ஏறித்தான் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். (ஜூன் மாதம் கேள்வி கேட்டவரின் மகனுக்கு இது பிடிக்கும். சென்னை எழும்பூர்ப் பலகையில் உள்ள எண் திருநெல்வேலியுடையதைவிடக் குறைவு. அந்த ரயில் கடைசியில் இறங்கித்தான் போகிறது.)

அதே நாளில் இன்னொரு திருத்தம். ஜூலை மணலில் ஆற்றை மேற்கிலிருந்து கிழக்கே நேராக இழுத்திருந்தோம். மாமா வீடு வண்ணார்பேட்டையில் இருக்கும் ஒரு பையன் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, ‘அங்கன ஆறு வடக்க பாத்துல்லா ஓடுது’ என்றான். ஞாயிற்றுக்கிழமை நானே போய் அதே பாலத்தில், 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்றேன். அந்த இடத்தில் ஆறு வடகிழக்காகத் திரும்பி, ஏறத்தாழ வடக்கு நோக்கித்தான் போகிறது. திருநெல்வேலி நகரம் ஆற்றுக்கு மேற்கேயும் பாளையங்கோட்டை கிழக்கேயும் இருப்பது அதனால்தான். நாற்பது ஆண்டுகளாக அந்தப் பாலத்தைப் பேருந்தில் கடந்துகொண்டிருக்கிறேன்.

17 டிசம்பர்

சென்ற ஆண்டு இதே நாளில் தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. பெரியவர்களுக்கே அந்த எண் பிடிபடவில்லை என்பதால், வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு ஒவ்வொருவரையும் அதன் அருகே நிறுத்தினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நெஞ்சு வரை வந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ‘அப்போ ஊர்ல எல்லாரும் நெஞ்சளவு தண்ணியிலயா நின்னாங்க?’ என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, பெய்த தண்ணீர் ஓடாமல், ஊறாமல், விழுந்த இடத்திலேயே நின்றிருந்தால் அந்த உயரம் வரும் என்பதுதான் மழையளவு. சில இடங்களில் அதைவிட அதிகமாக நின்றது, சில இடங்களில் நிற்கவே இல்லை. எங்கே நிற்கும் என்பதை மேடும் பள்ளமும் முடிவுசெய்கின்றன.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜூலை மாத மணலில் செய்த இன்னொரு பிழை உறைத்தது. நாங்கள் தண்ணீரை மலையுச்சியில் மட்டும்தான் ஊற்றினோம். வெள்ளம் என்றால் மலையிலிருந்து வருவது என்றே பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கும். சென்ற ஆண்டு வானம் கடலோரத்திலும் சமவெளியிலும் கொட்டியது. ஆறு நிறைந்து வந்தபோது கீழே குளங்களும் ஏற்கெனவே மறுகால் பாய்ந்துகொண்டிருந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை இவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். எனவே மணலை மறுபடி குவித்து, இந்த முறை ஆளுக்கொரு டம்ளரோடு ஆற்றின் நெடுகிலும் நிறுத்தி, மலையில் ஊற்றும் அதே நேரத்தில் எல்லோரையும் ஊற்றச் சொன்னோம். ஸ்ரீவைகுண்டம் செங்கல் மணலோடு பெயர்ந்து தாம்பாளத்துக்குப் போய்விட்டது. முதலில் கைதட்டினார்கள். பிறகு, தாத்தா வீடு ஏரல் பக்கம் இருக்கும் ஒரு பிள்ளை அழத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். இந்தப் பாடத்தை நினைவு ஆறாத ஊர்களில் நடத்துவதானால் செங்கலுக்கு ஊர்ப்பெயர் வைக்காமல் நடத்துங்கள்.

20 டிசம்பர்

நண்பகல் 12.17. கம்பின் நிழல் வடக்கே 63 செ.மீ. ஜூன் மாதத்தில் தெற்கே 26. ‘தெ’ எழுதிய சிறுமி இரண்டு முனைகளையும் கயிற்றால் இணைத்துவிட்டு, சூரியன் இதுக்குள்ளதான் சுத்துதா என்று கேட்டாள். சூரியனா, நாமா என்ற கேள்வியை ஐந்தாம் வகுப்புக்கு வைத்திருக்கிறேன்.

11 ஜனவரி 2025

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் வீட்டுக் கூடத்தில் தமிழ்நாட்டுப் படத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் தலையணையைப் போட்டுப் படுக்கிறானாம். தலை வடக்கே போவதால் பாட்டிக்கும் அவனுக்கும் தினமும் தகராறு. கன்னியாகுமரியில் தலைவைத்துச் சென்னைக்குக் கால் நீட்டச் சொல்லுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த நிழலற்ற நாளான ஏப்ரல் 12 இந்த ஆண்டு சனிக்கிழமையாக வருகிறது, பள்ளி கிடையாது. வர விரும்புகிற பிள்ளைகள் 12 மணிக்கு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டின் சாவி என்னிடம் இருக்கிறது, கம்பு ஆயா வீட்டில் இருக்கிறது.